கூடம் கோணலாகத்தான் இருந்தது

ஒருத்தியைத் திருடி என்று சொன்னால், வா, என் பெட்டியைத் திறந்து பார் என்று அவள் சொல்லலாம். சுருதி நிற்காதவள் என்று சொன்னால் எதைத் திறந்து காட்டுவது? தொண்டையையா, காதையா? என்னை அப்படித்தான் சொன்னார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்களில் ஒன்றில், ஓசூர் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி ஸ்டுடியோவில் வைத்துச் சொன்னார்கள். அங்கிருந்து அந்தப் பேச்சு கம்பெனி பஸ்ஸுக்கு வந்தது, பஸ்ஸிலிருந்து என் வீட்டுக்கு வந்தது. இத்தனை காலம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது. எரியட்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அண்ணன் ஓசூரில் ஒரு ஃபவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு லைன் வீட்டை வாடகைக்குப் பிடித்து, பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு வந்தான். நான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். முதலில் போர்டில் பாகம் செருகுகிற லைன், அப்புறம் செக்கிங் டேபிள். ஊரில் சின்ன வயதில் முறையாகப் பாட்டுப் படித்திருந்தேன். அதை இங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் சாமி பாட்டுப் பாட ஆள் இல்லை என்று யாரோ என்னைப் பிடித்துத் தள்ள, பாடினேன். அன்றைக்கு மைக் செட் போட வந்திருந்தவர்தான் அந்த ஸ்டுடியோவின் ஓனர்.

அவர் இந்த ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், எங்களைப் போல் பிழைக்க வந்தவர்களிடம் தமிழ். கேசட் கடை வைத்திருந்து, கேசட் செத்த பிறகு சிடிக்கு மாறி, கடைசியில் தானே சாமி பாட்டு சிடி போட ஆரம்பித்திருந்தார். அவருடைய வியாபாரமே ஒரே மெட்டை மூன்று மொழியில் விற்பதுதான். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு வாங்க வருகிறவன் மூன்று மொழியிலும் பேரம் பேசுவான், அவனுக்கு எந்த மொழியில் சாமி வேண்டும் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதனால் டிராக் ஒன்று, பாட்டு மூன்று. தமிழில் எழுதி, அதே அளவுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் வார்த்தையைப் பொருத்தி, ஒரே ஆளைப் பாட வைத்துவிடுவார்.

மலைக்கோயில் சாமி பேரில் ஒரு சிடி போடப் போகிறேன், மூன்று மொழியிலும் நீயே பாடு, நன்றாக வந்தால் என் ஸ்டுடியோவுக்கு நீதான் நிரந்தரப் பாடகி என்று என்னிடம் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தான்.

"மூணும் நல்லா வந்துச்சுன்னா வேலைய விட்ரு, பாட்டுக்கே போ. வரலைன்னா இந்தப் பாட்டுப் பேச்சே இந்த வீட்ல இருக்கக் கூடாது, கல்யாணத்தப் பாப்போம். சரியாத்தா?" என்றான்.

சரி என்றேன். எனக்குப் பயமே இல்லை. சுருதி காதில் விழுந்தால் நான் அதன் மேல் நிற்பேன், அது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம்.

தமிழ்ப் பாட்டு முதலில் முடிந்தது. டிராக் போட்டவர் ஒரு கீபோர்டுக்காரர், சேலம் பக்கத்துக்காரர். அவரும் பகலில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ஷிப்ட் இல்லாத நேரத்தில் ஸ்டுடியோவுக்கு வருவார். நிஜ வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. பெங்களூரில் வாங்கிய உதிரிகளைக் கோத்த ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் யாரோ காப்பி அடித்துக் கொடுத்த ஒரு சிந்தசைசர் சாஃப்ட்வேர். வீணை, நாதஸ்வரம், தம்புரா, கோயில் மணி எல்லாம் அதற்குள்தான். முதலில் தம்புராவும் தபேலாவும் ஒரு புல்லாங்குழலும் மட்டும் போட்டுத் தமிழைப் பாட வைத்தார். ஒரே மூச்சில் முடிந்தது. அதில் ஒரு காப்பி கம்பெனி பஸ் டிரைவர் கைக்குப் போய், காலை ஷிப்டுக்குப் போகும்போது தினமும் ஓடியது. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் விட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டில் ஒரு மாசம் ராணி மாதிரி உட்கார்ந்து போனேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்தது தெலுங்கு. ஓனருக்கு ஒரு கொள்கை உண்டு. தமிழ்க்காரனுக்கு வார்த்தை கேட்க வேண்டும், தெலுங்குக்காரனுக்கு சத்தம் நிறைய வேண்டும் என்பார். "டிராக் காலியா இருக்குதுய்யா, ரொப்பு" என்று கீபோர்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார், மறுநாள் வந்து இன்னும் ரொப்பச் சொல்வார். நாதஸ்வரம் ஏறியது. வயலின் கூட்டம் ஏறியது. ஒரு மீட்டு மீட்டினால் ரொம்ப நேரம் கார்வை நிற்கிற வீணை ஏறியது. மூன்றாவது சரணத்துக்கு முன்னால் எல்லாம் சேர்ந்து முழங்கி, கோயில் மணி நாலைந்து ஒன்றாக அடித்து, சட்டென்று நின்றுவிடும். அதற்குப் பிறகு தாளம் இல்லாமல், தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு நான் விருத்தம் மாதிரி நாலு வரி பாட வேண்டும். முடித்ததும் மறுபடி எல்லா வாத்தியமும் வந்து சேரும். அந்த இடத்தில்தான் என் தலையில் இடி விழுந்தது.

நாலு வரியையும் பாடி முடித்தேன். வாத்தியங்கள் வந்தன. அவை ஓரிடம், நான் ஓரிடம். அரை இழைதான், ஆனால் பல் கூசும். மறுபடி பாடினேன், மறுபடியும் அப்படியே. ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் இறங்கியிருந்தேன், ஒரு முறை ஏறிக்கூட இருந்தேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அந்த இடத்துல சுருதி கேக்கலைங்க" என்றேன். கீபோர்டுக்காரர் நேராக மூன்றாவது சரணத்துக்குப் போய், மணி முடிந்த இடத்திலிருந்து டிராக்கை ஓட்டினார். தம்புரா கணீரென்று கேட்டது.

"இருக்குதுங்களே" என்றார்.

இருந்தது, என் காதாலேயே கேட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். முதலிலிருந்து பாடினேன், அதே இடத்தில் விழுந்தேன்.

ஓனர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். "உனுக்குத் தெலுங்கு வாயில நிக்கலம்மா. கவனமெல்லாம் வார்த்தை மேலயே போயிடுது. வார்த்தை தடுமாறுச்சுன்னா சுருதி எங்க நிக்கும்? தமிழ்ல ஏன் நின்னுச்சு, சொல்லு."

இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பிவிடுகிற காரணம் அது. இங்கே யார் தடுமாறினாலும் பாஷையில்தான் தடுமாறுவார்கள். நானே நம்பினேன், அதுதான் கொடுமை. என் செக்கிங் டேபிளில் பக்கத்து சீட் அக்காவுக்குத் தாய்மொழி தெலுங்கு, ஓசூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். டிபன் நேரமெல்லாம் அவளிடம் அந்த நாலு வரியைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். "இப்ப எங்க வீட்டுப் பொண்ணு மாதிரியே சொல்றே" என்று அவள் சொன்ன பிறகும் போய்ப் பாடினேன். வார்த்தை சுத்தமாக இருந்தது, சுருதி விழுந்தது. கன்னடத்தையாவது முதலில் முடிப்போம் என்று அதைப் பாட வைத்தார்கள். டிராக் அதேதான், நானும் அதே இடத்தில் விழுந்தேன்.

ஒரு நாள் பாதியில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது. நடுவில் ஒட்டுப் போட்டுப் பதிவு செய்வது ஓனருக்குப் பிடிக்காது, ஒட்டு தனக்குத் தெரிந்துவிடும் என்பார். அன்றைக்கு அவசரத்தில் மூன்றாவது சரணத்திலிருந்து மட்டும் பாடச் சொன்னார். பாடினேன், அப்படியே பொருந்தியது. வாத்தியங்கள் வந்து என் குரலோடு ஒட்டிக்கொண்டன. அந்தச் சந்தோஷத்தில் நான் நிமிர்ந்து பார்த்தால், ஓனர் கீபோர்டுக்காரரிடம் சொல்கிறார்: "பாத்தியா, மனசு வெச்சா வருது. மனசு வெக்கறதில்ல." ஒட்டுத் தெரிகிறது என்று அந்தப் பதிவையும் வைத்துக்கொள்ளவில்லை, மறுபடி முதலிலிருந்தே பாடச் சொன்னார்.

அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டும். முதலிலிருந்து பாடினால் விழுகிறாள், அங்கிருந்து பாடினால் நிற்கிறாள், ஏன்? யாரும் கேட்கவில்லை. மனசு வைக்கவில்லை என்கிற பதில் கையில் இருக்கும்போது கேள்வி எதற்கு?

இதற்குள் விஷயம் பஸ்ஸுக்கு வந்துவிட்டது. டிரைவரும் ஓனரும் ஒரே டீக்கடை. ஜன்னல் சீட்டை ஒன்றும் யாரும் பிடுங்கவில்லை, ஆனால் விட்டுக் கொடுக்கவும் இல்லை. "என்னம்மா, சுருதி சேந்துச்சா?" என்று ஏறும்போதே விசாரிப்பார்கள். கேலியும் இல்லை, அக்கறையும் இல்லை. சளி தேவலையா என்று கேட்பது மாதிரி ஒரு விசாரிப்பு. அண்ணன் காதுக்கும் போயிற்று. "ஊரு பூரா சொல்லுது, நீ மட்டும் நான் சரியாத்தான் பாடுறேன்னா எப்படித்தா?" என்றான்.

வீட்டில் பழகுவதற்காக டிராக்கை ஒரு சிடியில் அடித்துத் தரச் சொல்லி வாங்கி வந்திருந்தேன். என்னிடம் ஒரு எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி உண்டு. எப்போதும் அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அதன் மேல் சிடியை ஓட்டிப் பாடுவேன், வீட்டில் ஒரு நாளும் விழுந்ததில்லை. ஒரு பகல், அண்ணன் மூன்றாம் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். சத்தம் போட முடியாது. பெட்டியை அணைத்துவிட்டு, பக்கத்து சீட் அக்காவிடம் கேட்டு வாங்கிய குட்டி சிடி பிளேயரில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பாடாமல் சும்மா கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். முழங்கியது, மணி அடித்தது, நின்றது. மணியின் ரீங்காரம் மெல்ல அடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. தம்புரா இல்லை. வாத்தியங்கள் மறுபடி வரும்வரை, தெருவில் போன பால் வண்டியின் ஹாரன்தான் கேட்டது. எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். பாட்டு ஆரம்பத்தில் தம்புரா இருக்கிறது, இரண்டாவது சரணத்தில் இருக்கிறது, வீணையும் வயலினும் மணியும் சேர்ந்து முழங்குகிற இடத்துக்குள் போகிறது, வெளியே வரவில்லை.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் என்னைக் கும்மிருட்டில் நிறுத்தி நட என்று சொல்லிவிட்டு, கோணலாக நடக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். சுருதி இல்லாமலே நிற்கிற பெரிய பாடகர்கள் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். அப்புறம் எதற்கு அவர்கள் பின்னால் தம்புராவோடு ஒரு ஆளை உட்கார வைக்கிறார்கள்?

ஓனர் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து ஸ்டுடியோவுக்குப் போனேன். கீபோர்டுக்காரரிடம், "நடுவுல இருந்து போடாதீங்க. முதல்ல இருந்து போட்டு, எதையும் தொடாம கேளுங்க" என்றேன். கை கட்டிக்கொண்டு கேட்டார். மணி அடங்கியதும் அவர் முகம் மாறியது. மறுபடி அந்த இடத்தில் நேராகத் தட்டினார், தம்புரா கேட்டது. முதலிலிருந்து ஓட்டினார், காணவில்லை.

"அய்யோ, பாலிஃபோனிங்க இது" என்றார்.

அன்று மத்தியானம் முழுவதும் அவர் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்டேன். அந்த சாஃப்ட்வேரில் ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு குரல்தான் ஒலிக்க முடியும். ஒரு குரல் என்பது ஒரு ஸ்வரத்தின் சத்தம். வீணையில் ஒரு மீட்டு மீட்டினால் விரலை எடுத்த பிறகும் கார்வை இருக்கும்வரை அது ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வயலின் கூட்டத்தில் ஒரு கட்டையை அமுக்கினால் உள்ளே இரண்டு மூன்று குரல் சேர்ந்து எழும். மணிக்கு வால் நீளம். திரையின் ஓரத்தில் ஒரு சின்ன எண் ஓடிக்கொண்டிருந்தது. முழக்கம் நெருங்க நெருங்க அது ஏறிப்போய், முப்பத்திரண்டில் முட்டி நின்றது.

"முப்பத்து மூணாவது ஒண்ணு வந்துச்சுன்னா?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கறதுல ஒண்ண வெளிய தள்ளிரும்ங்க."

"எதை?"

"பழச. யாரு மொதல்ல வந்து உக்காந்தாங்களோ அவங்கள."

எங்கள் பாட்டில் முதலில் வந்து உட்கார்ந்தது தம்புரா. அதை அவர் பாட்டு ஆரம்பத்தில் ஒரே அமுக்காக அமுக்கி, கடைசிவரை விடாமல் வைத்திருந்தார். ஒருமுறை வெளியே தள்ளப்பட்டால், மறுபடி யாராவது அமுக்கினால் தவிர அது திரும்பாது. நடுவிலிருந்து ஓட்டும்போது மட்டும் கம்ப்யூட்டர் அதைப் புதிதாக அமுக்கிக்கொள்ளும், அதனால் கேட்கும். சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் யோக்கியமாக இருந்துவிட்டு, நான் பாடும்போது மட்டும் கழுத்தை அறுத்திருக்கிறது. எங்கள் செக்கிங் டேபிளிலும் இப்படிப்பட்ட போர்டுகள் வரும். தனியாகச் சோதித்தால் பாஸ், பெட்டியில் பூட்டி எல்லாவற்றையும் ஓட்டினால் ஃபெயில். அங்கே போர்டைத்தான் சந்தேகப்படுவோம், பூட்டியவளை அல்ல.

இந்த சாஃப்ட்வேரை எழுதியவன் எந்த நாட்டுக்காரனோ. அவனுக்குப் பழைய ஸ்வரம் என்றால் கேட்டு முடிந்த ஸ்வரம். நம் பாட்டில் முதலில் வந்து கடைசிவரை இருப்பதுதான் தரை, மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது என்று அவனுக்கு யார் சொல்வது? அண்ணன் கம்பெனியிலும் அந்த வருஷம் மூத்தவர்களை எல்லாம் வி.ஆர்.எஸ். கொடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், பழையதைத் தள்ளுகிற கணக்கு எனக்கு ஒன்றும் விளங்காத கணக்கு இல்லை.

"இருங்க, இன்னொண்ணு வெச்சிருக்கேன்" என்று கீபோர்டுக்காரர் இன்னொரு சாஃப்ட்வேரைத் திறந்தார். அதில் அறுபத்து நாலு குரல் உண்டாம். அதே டிராக்கை அதற்குள் மாற்றி ஓட்டினார். வீணையை மட்டும் இரண்டு பேரும் மறுபடி ஒரு முறை போட்டுக் கேட்டோம். முதல் சாஃப்ட்வேரில் வீணையை எவ்வளவு நேரம் அமுக்கினாலும் கார்வை ஒரு கட்டத்தில் தேய்ந்து போய்விடும். இதில் விரலை எடுக்கும்வரை நின்றது, நிஜ வீணைகூட அவ்வளவு நேரம் நிற்காது. அழகுதான். ஆனால் நின்றுகொண்டே இருப்பதனால் இடத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டது, எண் முன்னைவிட வேகமாக ஏறியது. அதோடு அந்தக் கம்ப்யூட்டருக்கு அறுபத்து நாலைத் தாங்குகிற திராணி இல்லை. பாதி ஏறும்போதே ஸ்பீக்கர் கரகரவென்று பொரிந்தது. வேறு வழியில்லாமல் அவர் அதைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் முதல் சாஃப்ட்வேரைவிடக் கீழே கொண்டுவந்து வைத்தார். பெட்டி மேல் எழுதியிருக்கிற எண் ஒன்று, நம் வீட்டில் வேலை செய்கிற எண் வேறு.

முழக்கம் வந்தது, மணி அடித்தது, அடங்கியது. தம்புரா இதிலும் இல்லை.

"இதுவும் பழசத்தான் தள்ளுதா?"

அவர் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படித்தார். "இல்லீங்க. இது பழச ஒண்ணும் பண்ணாது. இருக்கறதுலயே மெதுவா கேக்கறது எதுவோ அதத் தள்ளும்."

தம்புராவைவிட மெதுவாகக் கேட்பது எது? ஆக, அங்கே வயசுக்காகத் தள்ளினான், இங்கே சத்தம் போடாததற்காகத் தள்ளுகிறான். இரண்டு சாஃப்ட்வேரிலும் எங்கள் பாட்டுக்கு மட்டும் ஒரே கதிதான். மணியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம், சுருதி பிழைத்தது. வீணையின் கார்வையைப் பாதியாக வெட்டினோம், பிழைத்தது. ஆனால் ஓனருக்கு மணியும் வேண்டும், கார்வையும் வேண்டும்.

"இதுக்கு வழியே இல்லையா?"

"ஏன் இல்லாம? தம்புராவ மட்டும் தனியா ஒரு ஃபைலா எடுத்து அடியில வெச்சுட்டா அத எதுவும் தள்ள முடியாது. ஒரு டீ குடிக்கற நேரம்கூட ஆகாதுங்க."

"அப்ப வைங்க, இப்பவே."

வைக்கவில்லை. ஓனரைக் கேட்காமல் டிராக்கில் கை வைத்தால் கத்துவார் என்றார். "நானே சொல்லிர்றேங்க. நீங்க சொன்னா சண்டையாயிடும்." அந்த மனுஷனை அன்றைக்கு நான் நம்பினேன். திரும்பி வரும்போது வழியில் எவ்வளவு நாள் கழித்தோ சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்து சீட் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்திரண்டு, அறுபத்து நாலு, பழசு, மெதுவானது, ஒன்றையும் விடவில்லை. கண்ணை விரித்துக் கேட்டாள். "பாத்தியா, பாவி மெஷின்" என்றாள்.

கீபோர்டுக்காரர் சொல்வார் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம், "சாருக்கு மூடு சரியில்லீங்க" என்றார். அந்த டிராக்கை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வீணாகப் போயிருக்கிறது என்று ஓனர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர் அல்லவா? பெங்களூரில் பெரிய ஸ்டுடியோவில் சேர்த்துவிடுவதாக அவருக்கும் ஓனர் ஆசை காட்டி வைத்திருந்தார். கடைசியில் நானே போய் நின்றேன். கீபோர்டுக்காரரும் அறையில் இருந்தார்.

"சார், நான் விழல. அந்த இடத்துல தம்புராவே நின்னுருது. முதல்ல இருந்து ஓட்டிக் கேளுங்க" என்றேன்.

ஓனர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் அம்பது பேரப் பாட வெச்சவன்மா. எல்லாரும் இதே கதைதான் சொல்லுவாங்க, மைக்கு சரியில்ல, டிராக்கு சரியில்ல."

நான் கீபோர்டுக்காரரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ மும்முரமாகச் சேவ் பண்ணிக்கொண்டிருந்தார். நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும், கழுத்து விறைத்திருந்தது. என் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பாடட்டுமா என்றேன். மைக்கில் அந்தச் சத்தம் ஏறிவிடும், வேண்டாம் என்றார் ஓனர். பெங்களூரிலிருந்து ஒரு பெண் வருகிறாள், தெலுங்கும் கன்னடமும் அவள் பாடட்டும், தமிழ் உன்னுடையது அப்படியே இருக்கும், கோரஸ் பாடவும் ஆள் வேண்டும், நீ வா என்றார்.

போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அவளும் அந்த இடத்தில் விழுகிறாளா என்று பார்க்கத்தான் போனேன்.

அந்தப் பெண் வந்து, எல்லோருக்கும் நமஸ்காரம் சொல்லி, ஹெட்போனை மாட்டினாள். நல்ல குரல், அதைக் குறை சொல்ல மாட்டேன். பல்லவி போயிற்று, இரண்டு சரணம் போயிற்று, முழக்கம் வந்தது, மணி அடங்கியது. அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கன்னடத்தில் சாதாரணமாகச் சொன்னாள்: "ஸ்ருதி பர்தா இல்ல சார். ட்ராக் செக் மாடி."

சுருதி வரவில்லையாம், டிராக்கைப் பார்க்க வேண்டுமாம். ஓனர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாஷை, மனசு, கவனம், கூடம், கோணல், எதுவும் அவர் வாயில் வரவில்லை. நேராகக் கீபோர்டுக்காரர் பக்கம் திரும்பி, "என்னய்யா டிராக் போட்டு வெச்சிருக்கே?" என்று கத்தினார்.

கீபோர்டுக்காரர் எழுந்து நின்று சொன்னார்: "ஆமா சார், நானும் கவனிச்சேன். பாலிஃபோனி லிமிட் சார். இப்ப சரி பண்ணிர்றேன்."

நானும் கவனிச்சேன். இந்த இரண்டு வார்த்தையை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. தம்புராவைத் தனியாக எடுத்து அடியில் வைத்தார். அந்தப் பெண்ணுக்கு வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவள் பாடினாள், அழகாகப் பொருந்தியது. ஓனர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

எனக்கு அடக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டேன். "சார், அப்ப நான் அன்னைக்குப் பாடினதும் சரிதானே? என் மேல தப்பு இல்லைதானே?"

அவருக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "அதான் சரி பண்ணியாச்சேம்மா, இன்னும் என்ன?" என்றார். பிறகு கோரஸுக்கு வரச் சொன்னார். அவள் பின்னால் நின்று, அந்தச் சுருதியைக் கேட்டுக்கொண்டே நான் கோரஸ் பாடினேன். சிடி அட்டையில் ஒரே பெயர் இருந்தால்தான் விற்கும் என்று பிறகு தமிழையும் அவளையே பாட வைத்துவிட்டார்கள்.

வீட்டில் அண்ணனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். இந்த முறை அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டுவிட்டு மெதுவாகத்தான் சொன்னான், அவன் கெட்டவன் இல்லை. "அந்தப் பொண்ணு ஒரு தடவ சொன்னதும் ஒத்துக்கிட்டாங்கள்ல? அவ பாடகித்தா. அவ சொன்னாக் கேப்பாங்க." அடுத்த வாரம் ஊருக்கு ஜாதகம் அனுப்பினான். நான் தடுக்கவில்லை.

சிடி வந்தது. கம்பெனி பஸ் டிரைவர்தான் முதல் ஆளாக வாங்கிப் போட்டார். காலை ஷிப்ட், பஸ் நிறைய ஆட்கள், என் பக்கத்தில் அதே அக்கா. தெலுங்குப் பாட்டு ஓடியது. முழக்கம் வந்து மணி அடங்கியது. தம்புரா நின்றது, அதன் மேல் அந்தப் பெண் நாலு வரியையும் நிதானமாகப் பாடி முடித்தாள், வாத்தியங்கள் வந்து சேர்ந்தன. அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"நீ சொன்னதெல்லாம் இருக்கட்டும், தப்பா நெனைக்காத. எங்க பாஷை அந்தப் பொண்ணு வாயில எப்படி நிக்குது பாரு. அதான் சுருதியும் நிக்குது."

"அந்தச் சுருதிய அங்க நிக்க வெச்சதே நான்தாங்க்கா" என்றேன்.

அக்கா சிரித்து, என் தொடையில் தட்டி, "சரி சரி, விடு" என்றாள்.